மாமியார் முகத்துக்கு மூன்று குளோசப்

இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சீரியல் ஓடும். மருமகள் ஒரு கவரைப் பிரிக்கிறாள். டண் என்று ஒரு சத்தம், மாமியார் முகம். மறுபடி டண், அதே முகம், இன்னும் கிட்டத்தில். மூன்றாவது டண்ணுக்கு முகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் நாத்தனார், கொழுந்தன், காபித் தட்டோடு வந்த வேலைக்கார அம்மா என்று எல்லார் முகமும் ஒரு சுற்று வரும். கவருக்குள் என்ன இருந்தது என்பது நாளைக்குத்தான் தெரியும்.

கிண்டல் செய்வது சுலபம். நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா முதல் டண்ணுக்கே ஈரக் கையோடு ஹாலுக்கு வந்து நின்றுவிடுகிறார். "பாரு, கண்ணுல எவ்வளவு வஞ்சம்" என்கிறார். நானும் பார்க்கிறேன். அந்த நடிகை கண்ணைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வஞ்சம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சினிமா, செய்தி, போட்டோ, ரீல்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கதி கைக்கு வரும். படம் எடுப்பவர் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. எதையோ வெளியே விடுகிறார், எதையோ பக்கத்தில் வைக்கிறார். நடுவில் இருக்கும் ஓட்டையை அடைப்பது பார்க்கிற நாம்தான். அடைத்துவிட்டு, அது படத்திலேயே இருந்தது என்று சத்தியமும் செய்வோம்.

சூப், சவப்பெட்டி, ஒரே முகம்

சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்ற இளைஞர் சினிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1917 புரட்சிக்குப் பிறகு அங்கே பிலிமுக்குக் கடும் பஞ்சம். கேமரா இருந்தாலும் உள்ளே போட பிலிம் இருக்காது. அதனால் அவரும் அவருடைய மாணவர்களும் பழைய படங்களை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். எடிட்டிங் என்பது ஒரு படிப்பாக வளர்ந்ததற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

அப்படி ஒட்டியதில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. இவான் மொஸ்ஜூகின் என்ற நட்சத்திர நடிகரின் பழைய குளோசப் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். முகத்தில் குறிப்பாக எந்தப் பாவமும் இல்லை. அதற்கு அடுத்து ஒரு தட்டு சூப். இன்னொரு துண்டில் அதே முகம், அடுத்து சவப்பெட்டியில் ஒரு பெண். மூன்றாவதில் அதே முகம், அடுத்து விளையாடும் குழந்தை. பார்த்தவர்கள் அசந்துபோனார்களாம். சூப்பைப் பார்க்கையில் அந்தப் பசியை என்னமாய்க் காட்டுகிறார், சவப்பெட்டியைப் பார்க்கும்போது எவ்வளவு துக்கம், குழந்தையைப் பார்க்கும்போது என்ன கனிவு என்று நடிப்பைப் பாராட்டினார்களாம்.

'களாம்' போடுவதற்குக் காரணம் உண்டு. அந்த பிலிம் இன்று இல்லை. அந்த வகுப்பிலிருந்து வந்த புதோவ்கின் எழுதி வைத்த குறிப்பு ஒரு மாதிரி; மற்றவர்கள் சொன்னது வேறு மாதிரி. மூன்றாவது ஷாட்டில் இருந்தது குழந்தை இல்லை, சோபாவில் சாய்ந்திருந்த ஒரு பெண் என்பாரும் உண்டு. 1992-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இதைப் புதிதாக எடுத்துச் சோதித்தபோது பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 2016-இல் வேறொரு குழு செய்து பார்த்தபோது கிடைத்தது. ஆனால் பழைய கதையில் வருகிற அளவுக்குப் பிரமாதமாக இல்லை.

சரி, நாமே செய்து பார்த்துவிடலாமே என்று தோன்றியது. ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம், "பெரியப்பா, எதையும் நினைக்காம கொஞ்ச நேரம் அந்த வேப்பமரத்தைப் பாருங்க" என்றேன். "ரிட்டையர் ஆனதுல இருந்து அதுதானேடா வேலை" என்றார். போனைச் சுவரில் சாய்த்துவைத்து எட்டு விநாடி எடுத்தேன். அப்புறம் மூன்று ஷாட் தனியாக எடுத்தேன்: வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு, மாலை போட்ட தாத்தா படம், வாசலில் நின்ற அண்ணனின் புது பைக். போனில் இருந்த எடிட்டிங் ஆப்பிலேயே பெரியப்பா முகம், பொருள், மறுபடி பெரியப்பா முகம் என்று மூன்று துண்டு தயார். மூன்றையும் ஒரே ஆளுக்குக் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்பதால் ஆளுக்கு ஒன்று அனுப்பினேன்.

சோறு துண்டு அத்தைக்குப் போனது. "அண்ணனுக்கு முதல்ல சாப்பாடு போடுங்கடா, பாவம்" என்று பதில் வந்தது. தாத்தா படம் பார்த்த சித்தி, "மாமா கண்ணு கலங்கியிருக்கு பாரு, அப்பா மேல அவ்வளவு பாசம்" என்று எழுதினார். பைக் துண்டைப் பார்த்த தம்பி, இந்த வயதில் பெரியப்பாவுக்கு இது தேவையா என்று கேட்டான். பிறகு பெரியப்பாவிடமே கேட்டேன். "மரத்துல காக்கா கூடு கட்டுதான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

மூன்று பேரை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது. அதில் இரண்டு விஷயங்களை மட்டும் கற்றுக்கொண்டேன். ஒன்று, பார்வை கேமராவுக்கு வெளியே எங்கோ போக வேண்டும். ஒருவர் எதையோ பார்க்கிறார் என்றால், எதை என்று நம் மனசு உடனே கேட்கும். அடுத்த ஷாட்டில் எதை வைத்தாலும் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு, முகம் எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதல் டேக்கில் பெரியப்பா லேசாகச் சிரித்துவிட்டார். அதைத் தாத்தா படத்தோடு ஒட்டியபோது அசிங்கமாக இருந்தது.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை 1960-களில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தன் முகத்தை வைத்தே விளக்கினார். அவர் பார்க்கிறார், ஒரு தாயும் குழந்தையும், அவர் சிரிக்கிறார். நல்ல மனுஷர். நடுவில் இருக்கும் ஷாட்டை மட்டும் உருவிவிட்டு, நீச்சலுடையில் ஒரு பெண்ணை வைத்தால் அதே சிரிப்பு வேறு சிரிப்பு. நல்ல மனுஷர் ஒரு வெட்டில் வக்கிரம் பிடித்த கிழவராகிவிடுகிறார்.

குலெஷோவ் இன்னொன்றும் செய்தார். மாஸ்கோ தெருக்களில் இருவர் நடந்து வந்து சந்திக்கிறார்கள், ஒரு கட்டடத்தைப் பார்க்கிறார்கள்; அந்தக் கட்டடம் வாஷிங்டனில் இருக்கும் வெள்ளை மாளிகை. பழைய துண்டு ஒன்றை வெட்டி ஒட்டியதுதான். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே ஊராகத் தெரிந்தது. நாயகி பொள்ளாச்சியில் ஒரு கால் எடுத்து வைத்து சுவிட்சர்லாந்தில் மறுகால் வைக்கும் டூயட்டுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் கம்மிதான்.

இப்போது சீரியலுக்குத் திரும்பி வாருங்கள். கவர், மாமியார் முகம். கவரில் என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் இந்த மாமியார் முந்நூறு எபிசோடாக என்னவெல்லாம் செய்தார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த முந்நூறு எபிசோடையும் கொண்டுபோய் அந்த வெற்று முகத்தில் கொட்டுவது அம்மாதான். நடிகைக்குச் சம்பளம், அம்மாவுக்கு வேலை.

கதையில் என்றால் பரவாயில்லை. பேட்டியிலும் இதே வேலை நடக்கும்போதுதான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ஒரே கேமராவோடு போகும் நிருபர், பேட்டி முடிந்தபிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பி, தலையாட்டுவது போலவும் புருவம் சுருக்குவது போலவும் சில ஷாட் எடுத்துக்கொள்வது வெகுகாலமாக இருக்கும் வழக்கம். எடிட்டிங்கில் பேச்சை வெட்டிய இடத்தை மறைக்க அது உதவும். புருவச் சுருக்கத்தை எந்தப் பதிலுக்குப் பிறகு வைக்கிறார்களோ அந்தப் பதில் நமக்குப் பொய்யாகப் படும். பாட்டுப் போட்டியில் குழந்தை உச்சஸ்தாயியில் நிற்கும்போது அம்மாவின் கண்ணீரைக் காட்டுகிறார்கள். அந்தக் கண்ணீர் அதே வரிக்குத்தான் வந்ததா, அரை மணி முன்னால் வேறெதற்கோ வந்ததா என்று திரையில் பார்க்கிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

மூன்று டம்ளர்

அடுத்தது கேமரா எங்கே நிற்கிறது என்பது. இதற்குச் சமையல் மேடையும் மூன்று எவர்சில்வர் டம்ளரும் போதும். ஒரே அளவு டம்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓர் அடி இடைவெளியில் வையுங்கள். முதல் டம்ளருக்கு ஓர் அடி தூரத்தில் போனைப் பிடித்து ஒரு படம். முதல் டம்ளர் அண்டா மாதிரி இருக்கும். மூன்றாவது அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் இருக்கும். இப்போது முதல் டம்ளருக்குப் பத்தடி தூரம் வரும்வரை பின்னால் போய், ஜூம் செய்து, முதல் டம்ளர் பழைய அளவுக்கு வரும்படி இன்னொரு படம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும்.

கணக்கு எளிது. கிட்டத்தில் நின்றபோது டம்ளர்கள் உங்களிடமிருந்து 1, 2, 3 அடி. கடைசி டம்ளர் முதல் டம்ளரைவிட மூன்று மடங்கு தூரம். தள்ளி நின்றபோது 10, 11, 12 அடி. கடைசி டம்ளர் முதலாவதைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல் தூரம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் டெலி லென்ஸ் இடத்தைச் சுருக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் சுருக்குவது நீங்கள் நிற்கும் தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து பெரிதாக எடுக்க லென்ஸ் உதவுகிறது, அவ்வளவே.

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதே டம்ளர் கணக்குதான். மூக்கு முதல் டம்ளர், காது மூன்றாவது டம்ளர். 2018-இல் அமெரிக்காவில் முக அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் அவர் குழுவும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியில் மூக்கு நன்றாக இல்லை என்று ஆபரேஷனுக்கு வருபவர்களைப் பார்த்து அலுத்துப்போய்ச் செய்த கணக்கு அது. நம்மூர்க் கல்யாண போட்டோகிராபர் மணப்பெண்ணைத் தனியாக எடுக்கும்போது நாலு அடி பின்னால் போய் 85 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டுவதற்கும் இதுவே காரணம்.

மூக்கோடு போனால் சரி. 2020 ஏப்ரலில், கொரோனா நேரம். டென்மார்க்கில் ஒரு செய்திப்பட நிறுவனத்தின் போட்டோகிராபர்கள் இருவர் ஒரே இடங்களில், ஒரே நேரத்தில், கிட்ட நின்று அகலமாக எடுக்கும் வைடு லென்ஸிலும் டெலி லென்ஸிலும் படமெடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். வைடு படத்தில் மக்கள் நன்றாக இடைவெளி விட்டு வரிசையில் நிற்கிறார்கள். டெலி படத்தில் அதே மக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். எந்தப் படத்திலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் 'பரவாயில்லை, கட்டுப்பாடாக இருக்கிறார்கள்' என்று தோன்றும். இன்னொன்றைப் பார்த்தால் கோபம் வரும்.

பிரேமுக்கு வெளியே விட்டது என்ன என்பது இதற்கு அண்ணன். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலையைக் கவிழ்த்ததை உலகமே நேரலையில் பார்த்தது. திரை முழுக்கக் கொண்டாடும் கூட்டம், நடுவில் சிலை. ஒரு நகரமே திரண்டு வந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. சதுக்கத்தை ஒட்டியே வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டல் இருந்தது. உயரத்திலிருந்து தள்ளி எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. சிலையைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம், இழுத்துத் தள்ளியது அமெரிக்க மரீன்களின் வண்டி. இரண்டு படமும் நிஜம். அன்று திரும்பத் திரும்ப ஓடியது நெருக்கமாக எடுத்ததுதான்.

நம் ஊர் மாநாடுகளுக்கும் இதே வைத்தியம் உண்டு. ஒரு சேனலில் மனிதக் கடல். இன்னொரு சேனலில் அதே மாநாட்டின் காலி நாற்காலிகள். எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்று தெரிந்தால் படம் பார்க்காமலேயே ஷாட்டைச் சொல்லிவிடலாம்.

கீழிருந்து பார்த்தால் பெரியவரா?

பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே பாடத்தைச் சொல்லும்: கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் ஆள் பெரியவன், மேலிருந்து எடுத்தால் பாவப்பட்டவன். குழந்தையாக இருந்தபோது பெரியவர்களை அண்ணாந்து பார்த்த பழக்கம் என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். நம் நாயகர்களின் என்ட்ரி இந்தப் பாடத்தின் மேல்தான் கட்டியிருக்கிறது. ஆனால் கோணத்தைவிட அங்கே வேலை செய்வது வேறொன்று என்று நினைக்கிறேன். முதலில் ஷூ. அப்புறம் கைக்கடிகாரம். அப்புறம் பின்னங்கழுத்து. முகத்தை மட்டும் ஒளித்து வைத்திருப்பார்கள். அது யார் என்று தியேட்டரில் எல்லாருக்கும் தெரியும், போஸ்டரிலேயே போட்டிருக்கிறது. இருந்தாலும் காட்டாமல் வைத்திருக்கும் அந்த இருபது விநாடியில் விசிலும் பேப்பரும் பறக்கின்றன. இங்கேயும் ஓட்டையை அடைப்பது நாம்தான், கொஞ்சம் சத்தமாக.

கோணம் ஒரு சட்டம் இல்லை என்பதற்கு 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தைச் சொல்வேன். இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் கேமராவை எவ்வளவு கீழே கொண்டுபோக முடியும் என்று பார்த்தவர்கள். அவ்வளவு கீழிருந்து எடுத்தால் அறையின் கூரை தெரியும். அன்றைய செட்டுகளுக்குக் கூரை பெரும்பாலும் கிடையாது. அதனால் மெல்லிய துணியில் கூரை கட்டினார்கள். ஒரு காட்சிக்குத் தரையையே தோண்டிக் குழிக்குள் கேமராவை வைத்தார்கள். அது எந்தக் காட்சி தெரியுமா? நாயகன் தேர்தலில் தோற்றுப்போன இரவு. கீழிருந்து பார்க்கும்போது ஆள் மலை மாதிரி நிற்கிறான். ஆனால் தலைக்கு மேல் கூரை அமுக்குகிறது, ஒரு நண்பனைத் தவிர சுற்றி யாருமே இல்லை. பெரிய ஆள், காலி அறை. கோணம் என்ன பேசும் என்பதை அதைச் சுற்றி இருப்பவைதான் முடிவு செய்கின்றன.

துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்

வெளிச்சத்தைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒரே ஒரு முற்றத்தை மட்டும் காட்டுகிறேன்.

1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்குக் காசியில் உள்ள ஒரு பழைய வீட்டின் முற்றம் வேண்டியிருந்தது. மழையைப் பற்றிய பயத்தில் அதைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள்ளேயே செட்டாகப் போட்டார்கள். இப்போது சிக்கல் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு. அப்படிப்பட்ட முற்றத்தில் வெயில் நேராக விழாது. மேலே தெரியும் வானத்துண்டிலிருந்து நிழலில்லாத ஒரு மங்கல் வெளிச்சம் இறங்கும். ஸ்டுடியோ விளக்கைப் போட்டாலோ ஒரே ஆளுக்கு நாலு நிழல் விழும். பார்த்ததுமே செட் என்று தெரிந்துவிடும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். வெளிச்சம் துணியில் பட்டுச் சிதறி, வானத்திலிருந்து வருவதுபோல் இறங்கியது. பார்த்தவர்கள் அது காசியில் எடுத்தது என்றே நம்பினார்கள்.

இதைப் பார்க்கிறவர் கவனிப்பதே இல்லை என்பதுதான் அதன் வெற்றி. வெளிச்சத்தை நம்பினால் இடத்தை நம்புவோம். இடத்தை நம்பினால் அந்தப் படத்தின் நாயகனான பையனின் துக்கத்தையும் நம்புவோம். மட்டக்களப்பில் பிறந்து தமிழுக்கு வந்த பாலு மகேந்திராவும் இருக்கிற வெளிச்சத்தை மதித்தவர். 'மூன்றாம் பிறை'யில் ஊட்டியின் மேகமூட்ட வெளிச்சத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே கதையைப் பளிச்சென்ற விளக்கில் எடுத்திருந்தால் அந்த வீட்டுக்குள் நாம் இருந்த மாதிரியே இருந்திருக்காது.

நிறமும் இருட்டும் ஆளையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 1994 ஜூனில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தின் முன்னாள் நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். போலீஸ் எடுத்த அதே புகைப்படத்தை 'நியூஸ்வீக்'கும் 'டைம்'மும் அட்டையில் போட்டன. 'நியூஸ்வீக்' ஏறக்குறைய அப்படியே போட்டது. 'டைம்' அதை ஓர் ஓவியக் கலைஞரிடம் கொடுத்திருந்தது. முகம் கருத்து, ஓரங்கள் இருண்டு வந்தது. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியதால் எல்லாருக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பினத்தவரை மேலும் கறுப்பாக்கிக் கொலைகாரராகக் காட்டுகிறீர்களா என்று பெரிய எதிர்ப்பு. பத்திரிகை விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அந்த வாரம் 'டைம்' மட்டும் கடையில் இருந்திருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு இது எல்லாம், கம்ப்யூட்டரில் படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் வேலைக்குப் பெயரான டிஐ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. கதை மெக்சிகோவுக்கோ நம் பக்கத்துக்கோ வந்தால் ஹாலிவுட் படங்களில் திரை மஞ்சள் பூசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். 2020-இல் வந்த 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' படத்தில் டாக்கா நகரம் மஞ்சள்காமாலை பிடித்த மாதிரி இருந்ததைப் பலரும் கேலி செய்தார்கள். புழுதி, வெக்கை, ஆபத்து என்று மூன்றையும் ஒரே பூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சென்னையில் மே மாத வெயிலில் வெந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் வெயில் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

காதுக்குத் தெரிந்தது

கடைசியாகச் சத்தம். கண்ணுக்குச் செய்வதையாவது கவனித்தால் பிடித்துவிடலாம். காதுக்குச் செய்வதைப் பிடிப்பது கஷ்டம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-இல் வந்தது. குளியலறையில் நடக்கும் அந்தக் கொலையைப் பார்த்தவர்கள், கத்தி உடம்பில் இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். 78 கேமரா அமைப்பு, 52 வெட்டு என்று அந்தக் காட்சிக்கு ஒரு கணக்கு உண்டு; எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி ஒரு துண்டு, தோள் ஒரு துண்டு, கத்தும் வாய் ஒரு துண்டு, தண்ணீர் ஒரு துண்டு. கத்தி கிழிப்பதைத் தெளிவாகக் காட்டும் ஷாட்டைத் தேடினால் கிடைக்காது. படம் கறுப்பு வெள்ளை; வடிகாலில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கத்தி குத்தும் சத்தத்துக்கு முலாம்பழ வகை ஒன்றைக் குத்திப் பதிவு செய்தார்கள். அந்தப் பழம்தான் நமக்குள் கத்தியை இறக்கியது.

முதலில் ஹிட்ச்காக் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து, வயலின்கள் கிறீச் கிறீச்சென்று அலறும் அந்தத் துண்டை எழுதிக்கொண்டு வந்தார். கேட்டதும் இயக்குநர் மனசை மாற்றிக்கொண்டார். நம் ஊரில் இந்தப் பின்னணி இசை வேலைக்கு ஆர்.ஆர். என்று பெயர். ஆர்.ஆர். போடாத பிரதியைப் பார்த்த தயாரிப்பாளர்கள் படம் படுத்துவிட்டது என்று பயந்துபோன கதைகள் கோடம்பாக்கத்தில் ஏராளம்.

நடுவில் ஒரு சின்னக் குறிப்பு, புது டிவி வாங்கியவர்களுக்கு. நல்ல படம் ஒன்று திடீரென்று சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிந்தால் கண்ணில் கோளாறு இல்லை. பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாவுக்கு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாத படம் என்று பழகிவிட்டோம். புது டிவிகள் அந்த 24-க்கு நடுவில் தாங்களாகவே பிரேம்களைத் தயாரித்துச் சொருகும். கிரிக்கெட்டுக்கு நல்லது, சினிமாவைப் பார்த்தால் செட்டில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் ஆகிவிடும். 2018-இல் நடிகர் டாம் குரூஸ், தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள் என்று ஒரு வீடியோவே போட்டார். செட்டிங்ஸில் 'மோஷன்' என்ற சொல்லோடு ஏதாவது இருந்தால் அதுதான்.

சத்தத்தைச் சோதிக்க ரிமோட்டில் மியூட் பட்டன் போதும். இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் இரவு எட்டு மணிக்கு நானும் அதைச் செய்தேன். மருமகள் கையில் மறுபடி ஏதோ காகிதம். மாமியார் முகம், கிட்டத்தில் முகம், இன்னும் கிட்டத்தில் முகம். டண் இல்லை. சத்தியமாக, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசிக்கும் ஒரு அம்மாளின் முகம்தான் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மா என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினார்.

"சத்தத்தை வைடா. அவ என்ன நினைக்கிறான்னே தெரியல."